செஞ்சிக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தாச்சு... பக்கத்துல இருக்கும் திருவண்ணாமலைக்கு எந்தப் பட்டம் பொருந்தும்?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்கு சுமார் 40 கிலோமீட்டர்தான். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். 2011 கணக்கெடுப்பின்படி 27 ஆயிரம் பேர் வசிக்கும் பேரூராட்சி. அந்த ஊரின் கோட்டை 2025 ஜூலை 11-ம் தேதி உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பாரிஸில் நடந்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழுவின் 47-வது கூட்டத்தில் இந்த முடிவு எடுக்கப்பட்டது.

அதன் பிறகு இயல்பாகவே ஒரு கேள்வி வருகிறது. 'செஞ்சிக்கே கிடைச்சிருக்கு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் ஆள் வரும் திருவண்ணாமலைக்கு ஏன் கிடைக்கல?'

கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஊருக்குத் தரும் பட்டங்கள் எல்லாம் ஒன்று அல்ல. எது எதற்காகத் தரப்படுகிறது, யார் விண்ணப்பிக்க வேண்டும், வந்தால் ஊரில் என்ன மாறும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செஞ்சிக்குக் கிடைத்தது என்ன?

செஞ்சிக்குத் தனியாக இந்த அங்கீகாரம் கிடைக்கவில்லை. 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாக இந்தியா பரிந்துரைத்தது. அதில் ராய்கட், சிவ்நேரி, பிரதாப்கட், சிந்துதுர்க் உள்ளிட்ட 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில் இருக்கின்றன. 12-வதுதான் நம்ம செஞ்சி.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளை மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை இது. விஜயநகர நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள் எனப் பலர் கையில் இருந்தது. 1677-ல் சிவாஜி இதைப் பிடித்தார். பிறகு முகலாயப் படை பல ஆண்டுகள் முற்றுகையிட்டு 1698-ல்தான் உள்ளே நுழைய முடிந்தது. நாட்டார் பாடல்களில் வாழும் ராஜா தேசிங்கு இங்கே ஆண்டவர். அப்புறம் ஆற்காடு நவாப், பிரெஞ்சுக்காரர்கள், கடைசியில் ஆங்கிலேயர்.

இவ்வளவு நீண்ட கதையில் மராட்டியர் பகுதியை மட்டும் எடுத்து, அதற்கு ஒரு தொகுப்பு கட்டி, அதில் செஞ்சியைச் சேர்த்தார்கள். இதில் ஒரு பாடம் இருக்கிறது. பழமையான இடம் என்பது மட்டும் போதாது. 'உலகத்துக்கு இது ஏன் முக்கியம்?' என்று ஒரே வரியில் சொல்ல ஒரு கதை வேணும்.

பட்டத்தில் மூன்று வகை

செய்திகளில் 'யுனெஸ்கோ அங்கீகாரம்', 'கலாசாரத் தலைநகரம்', 'படைப்பாக்க நகரம்' என்று மாறி மாறி வரும். மூன்றும் வேறு வேறு.

ஒன்று, உலகப் பாரம்பரியச் சின்னம். இது ஒரு இடத்துக்கு, ஒரு கட்டடத்துக்கு அல்லது ஒரு நிலப்பரப்புக்குத் தரப்படுவது. அதைக் காப்பாற்றுகிறோம் என்று நாடு கொடுக்கும் வாக்குறுதியும் இதில் அடக்கம்.

இரண்டு, கலாசாரத் தலைநகரம். இது ஒரு வருஷத்துக்கு மட்டும். அந்த ஆண்டு முழுக்க விழா, கண்காட்சி, நாடகம் நடக்கும். அடுத்த ஆண்டு பட்டம் வேறு ஊருக்குப் போய்விடும்.

மூன்று, யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வலையமைப்பு. இசை, இலக்கியம், சினிமா, உணவு, கைவினை போன்ற ஏதாவது ஒரு துறையில் உயிரோடு இயங்கும் ஊரைச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு இது.

ஐரோப்பாவில் சின்ன ஊர்கள் ஏன் மோதிக்கொள்கின்றன?

இரண்டாவது வகைக்கு மூல ஊர் ஏதென்ஸ். கிரேக்க நடிகையும் கலாசார அமைச்சருமான மெலினா மெர்க்கூரியின் யோசனையில் பிறந்த திட்டம். 1985-ல் முதல் பட்டம் ஏதென்ஸுக்கே கிடைத்தது. முதலில் ஏதென்ஸ், புளோரன்ஸ், பாரிஸ் என ஏற்கெனவே புகழ்பெற்ற நகரங்களுக்குத்தான் தந்தார்கள். 1990-ல் கிளாஸ்கோவுக்குத் தந்தபோது திசை மாறியது. தொழிற்சாலைகள் மூடி நொடிந்துபோன ஊர் அது. கலையைப் பிடித்து ஊரைத் தூக்கி நிறுத்த முடியுமா என்று பார்த்தார்கள்.

அன்றிலிருந்து சின்ன ஊர்களும் போட்டிக்கு வந்தன. 2024-ல் பட்டம் பெற்ற ஆஸ்திரியாவின் பாட் இஷ்லில் சுமார் 14 ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள். அதாவது நம்ம செஞ்சியில் பாதி! ஆனால் அது தனியாக விண்ணப்பிக்கவில்லை. சுற்றியுள்ள சால்ஸ்காமர்குட் பகுதியின் 22 ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு, 23 ஊர்களாகப் போனது. 2025-ல் ஸ்லோவேனியாவின் நோவா கோரிசாவும் இத்தாலியின் கோரிசியாவும் எல்லைக்கோட்டின் இரு பக்கமிருந்து ஒரே பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன.

தேர்வு சும்மா நடப்பதில்லை. சுமார் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அழைப்பு வரும். ஊர்கள் தடிமனான விண்ணப்பப் புத்தகம் தயாரிக்க வேண்டும். நிபுணர் குழு இரண்டு சுற்றில் சலித்து எடுக்கும். வென்ற ஊர் சொன்னதைச் செய்தால் மெர்க்கூரி பெயரில் 15 லட்சம் யூரோ பரிசு உண்டு. நம்ம பணத்தில் சுமார் 15 கோடி ரூபாய். ஒரு வருஷ விழாவுக்கு இது சின்னத் தொகைதான். மீதியை ஊரும் மாநிலமும் நாடும்தான் போட வேண்டும்.

ஜெயித்த பிறகு என்ன ஆகும்? மத்தேராவின் கதை

2019-ல் பட்டம் பெற்ற ஊர்களில் ஒன்று இத்தாலியின் மத்தேரா. சுமார் 60 ஆயிரம் பேர் வசிக்கும் ஊர். பாறையைக் குடைந்த குகை வீடுகளில் ஏழை மக்கள் ஆடு மாடுகளோடு வாழ்ந்த இடம் அது. 'இத்தாலியின் அவமானம்' என்றே அதைச் சொன்னார்கள். 1952-ல் சட்டம் போட்டு, சுமார் 15 ஆயிரம் பேரை அந்தக் குகைகளிலிருந்து வெளியேற்றினார்கள்.

பிறகு காட்சி தலைகீழானது. 1993-ல் அதே குகைகளுக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. 2019-ல் கலாசாரத் தலைநகரம் ஆனது. சுற்றுலா பெருகியது, வேலை கிடைத்தது, ஊரின் மானம் மீண்டது. இதெல்லாம் உண்மை. அதேநேரம் ஏழைகள் வெளியேற்றப்பட்ட குகைகளில் பல இன்று தங்கும் விடுதிகள். அங்கே ஊர்க்காரரை விட விருந்தினர்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். ஊர் அழகானது, ஆனால் யாருக்காக என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இன்னொரு உதாரணம் லிவர்பூல். 2004-ல் அதன் துறைமுகப் பகுதிக்கு உலகப் பாரம்பரிய அங்கீகாரம், 2008-ல் கலாசாரத் தலைநகரம். ஆனால் கரையோரத்தில் புதுக் கட்டடங்களும் கால்பந்து மைதானமும் எழுந்தபோது, 2021-ல் யுனெஸ்கோ தன் பட்டியலிலிருந்தே அதை நீக்கியது. கொடுத்த பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்றால், ஆமாம், வாங்கிக்கொள்வார்கள்.

இந்தியாவில் யாருக்குக் கிடைத்திருக்கிறது?

கோயில் நகரம் ஒன்றுக்குக் கலாசாரத் தலைநகரப் பட்டம் கிடைத்த கதை இங்கேயும் உண்டு. ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு 2022 செப்டம்பரில் சமர்கண்டில் கூடியபோது, தன் முதல் சுற்றுலா, கலாசாரத் தலைநகரமாக காசியை அறிவித்தது. 2022-23 காலத்துக்கு மட்டும். பிறகு அது அடுத்த நாட்டின் ஊருக்குப் போய்விட்டது.

படைப்பாக்க நகரப் பட்டியலில் காசி 2015-லும் சென்னை 2017-லும் இசைக்காக இடம் பிடித்தன. 2023-ல் கேரளாவின் கோழிக்கோடு, இலக்கிய நகரம் என்ற பெயரைப் பெற்றது. இந்தியாவில் இந்தப் பிரிவில் அதுதான் முதல் ஊர்.

சரி, சென்னை இசை நகரம் என்பது சென்னைவாசிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டம் வாங்குவதும் பட்டத்தைப் பயன்படுத்துவதும் வேறு வேறு என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

திருவண்ணாமலைக்கு உலகப் பாரம்பரிய அங்கீகாரம் சாத்தியமா?

தகுதி பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்காது. சுமார் 25 ஏக்கரில் கோயில். 217 அடி உயரத்தில் 11 நிலை ராஜகோபுரம். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். அருணகிரிநாதரின் ஊர். 1896-ல் வந்த ரமணர் 1950-ல் மறையும் வரை விட்டு நீங்காத மலை. ஆனால் தகுதிக்கும் பட்டியலுக்கும் நடுவே இரண்டு தடைகள்.

முதல் தடை, வரிசை. யுனெஸ்கோவுக்கு ஊரோ மாநிலமோ நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. மத்திய அரசுதான் அனுப்ப வேண்டும். அதுவும் ஒரு நாடு ஆண்டுக்கு ஒரே ஒரு பரிந்துரைதான். அதற்கு முன்பு உத்தேசப் பட்டியலில் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் 60-க்கும் மேற்பட்ட இடங்கள் காத்திருக்கின்றன. வருஷத்துக்கு ஒண்ணு என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஸ்ரீரங்கம் கோயிலும் செட்டிநாட்டு ஊர்களும் 2014-லிருந்து அந்த வரிசையில் நிற்கின்றன. காஞ்சிபுரம் கோயில்கள் 2021-ல் சேர்ந்தன. திருவண்ணாமலை இன்னும் வரிசையிலேயே இல்லை.

இரண்டாவது தடைக்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

2002-ல் நடந்தது என்ன?

2002-ல் இந்தியத் தொல்லியல் துறை அருணாசலேஸ்வரர் கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. அறநிலையத் துறையின் பொறுப்பில் இருந்த கோயில் மத்திய அரசின் கைக்குப் போகும் நிலை. ஊரே எதிர்த்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் தொல்லியல் துறை பின்வாங்கி, கோயில் மீண்டும் அறநிலையத் துறையிடமே வந்தது.

நாட்டின் பெருமைமிக்க சின்னம் என்று சொன்னால் மகிழத்தானே வேண்டும், ஏன் எதிர்ப்பு? சட்டத்தைப் பார்த்தால் புரியும். மத்திய அரசின் பாதுகாப்பில் வரும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 1992-லேயே உத்தரவாக வந்த இந்த விதி 2010-ல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. பழுதுபார்க்கக்கூட அனுமதி தேவை.

இப்போது கோயிலிலிருந்து 100 மீட்டர், 300 மீட்டர் என்று மனதுக்குள் கோடு போட்டுப் பாருங்கள். கோயிலை ஒட்டிய வீதிகளின் கடைகள், வீடுகள், சத்திரங்கள், பாத்திரக்கடை, பூக்கடை எல்லாம் அதற்குள்தான். செஞ்சியில் கோட்டை வேறு, மக்கள் வாழும் ஊர் வேறு. இங்கே அப்படிப் பிரிக்க முடியாது. கோயிலைச் சுற்றித்தான் ஊரே. கோயிலுக்குள்ளும் தினப்படி பூஜை, திருப்பணி, கும்பாபிஷேகம் நடந்துகொண்டே இருக்கும்.

அப்படின்னா வழியே இல்லையா? இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வழிபாட்டை அரண்மனை தேவஸ்தானம் கவனிக்கிறது. 1987-லிருந்து உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது. பீகாரின் புத்தகயா மகாபோதி கோயில் இன்னொரு மாதிரி. அதை மாநிலச் சட்டத்தின் கீழ் அமைந்த குழு நிர்வகிக்கிறது. அப்படியிருந்தும் 2002-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. ஆகவே கோயிலை மத்திய அரசிடம் கொடுத்தால்தான் அங்கீகாரம் என்பது கட்டாயம் அல்ல. ஆனால் ஏதோ ஒரு சட்டப் பாதுகாப்பும், சுற்றிலும் ஒரு பாதுகாப்பு மண்டலமும், எழுதிவைத்த நிர்வாகத் திட்டமும் கட்டாயம் வேண்டும். அதை ஊர் மக்களோடு பேசித்தான் செய்ய முடியும். 2002 கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

கூட்டம் வராத ஊருக்கான மருந்து...

இங்கேதான் முக்கியமான வித்தியாசம் வருகிறது. ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊர் பட்டத்துக்கு மோதுவது பெரும்பாலும் ஆட்களை வரவழைக்க. திருவண்ணாமலைக்கு அந்தக் குறையே இல்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமி இரவில் நடக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கார்த்திகை தீபத்துக்கு வருகிறவர்கள் ஊர் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு. 2011 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை சுமார் 1.45 லட்சம். 2024-ல் ஊர் மாநகராட்சி ஆனது. அதே ஆண்டு சென்னை கடற்கரையிலிருந்து நேரடி மின்சார ரயிலும் வந்தது.

கூட்டம் வராத ஊருக்கான மருந்தை, கூட்டம் தாங்காத ஊருக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? குப்பை, கழிப்பறை, குடிநீர், வாடகை, நிலத்தின் விலை என எல்லாச் சுமையும் ஊர்க்காரர் தலையில்தான் ஏறும்.

மலையும் இதைச் சொல்லிவிட்டது. 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவாரத்தின் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் வந்த கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது. அதற்கும் பல ஆண்டுகள் முன்பு, கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டியபோது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட வேண்டி வந்தது.

'அண்ணா' என்றால் நெருங்க முடியாத என்று பொருள் சொல்வார்கள். அந்தப் பெயர் கொண்ட மலையின் சரிவு வரைக்கும் வீடுகள் நெருங்கிவிட்டன. வேறு இடத்தில் வாடகை கொடுக்க முடியாதவர்கள்தான் பெரும்பாலும் சரிவில் குடியேறுவார்கள். பட்டம் வந்து நிலத்தின் விலை இன்னும் ஏறினால், அடுத்து அவர்கள் எங்கே போவார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத எந்த விண்ணப்பமும் முழுமையானது அல்ல.

அப்போ எந்தப் பட்டம் பொருந்தும்?

பாட் இஷ்ல் செய்ததை இங்கே நினைத்துப் பாருங்கள். ஒரு ஊராக இல்லாமல் ஒரு வட்டாரமாக யோசித்தால் படம் மாறுகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் என்னவெல்லாம் இருக்கிறது? செய்யாறு பக்கத்தில் புரிசை. தெருக்கூத்துக்குப் பேர்போன கிராமம். அந்த மண்ணின் கண்ணப்பத் தம்பிரானின் குழு கூத்தை வெளிநாட்டு மேடைகளுக்கும் கொண்டுபோனது. மார்க்கேஸின் சிறுகதையைக்கூடக் கூத்தாக்கியது. ஆரணியில் பட்டு, அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. செங்கம் வட்டாரத்தின் நடுகற்கள் தமிழ் எழுத்தின் வளர்ச்சியைக் காட்டும் சான்றுகள். 1972-லேயே தமிழகத் தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து நூலாக்கியது. போளூர் அருகே திருமலையில் சமணக் கோயில். 1760-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வந்தவாசி. ஜவ்வாது மலையில் பழங்குடி மக்களின் வாழ்க்கை.

இன்னொன்றும் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசு பெற்ற கூத்தர், மற்ற கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு. கலைஞர்களுக்கு இந்த வட்டாரத்தில் எந்த வழியாகப் போனால் என்ன கிடைக்கும் என்று சொன்ன நூல். கலாசாரத் தலைநகரம் என்ற சொல் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே அந்த வேலை நடந்திருக்கிறது!

இவ்வளவு இருந்தும் திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோயில், கிரிவலம், ஆசிரமம் முடித்து ஊர் திரும்பிவிடுகிறார்கள். புரிசைக்கோ செங்கத்துக்கோ அந்தக் கூட்டத்தால் பெரிதாக எந்தப் பயனும் இல்லை. ஒரே நாளில், ஒரே பாதையில் குவியும் கூட்டத்தை ஆண்டு முழுக்க, மாவட்டம் முழுக்கப் பரப்ப முடிந்தால் மலைக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும், கூத்துக் கலைஞருக்கும் நெசவாளிக்கும் வருமானமும் கிடைக்கும்.

இதற்கு மூன்றாவது வகையான படைப்பாக்க நகரம்தான் நெருக்கமாகத் தெரிகிறது. இதில் கட்டடத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை வராது. கோயில் நிர்வாகம் கை மாறாது. ஊரின் மேயரே விண்ணப்பத்தை முன்னெடுக்கலாம். இப்போது திருவண்ணாமலை மாநகராட்சி என்பதால் அந்த நாற்காலியும் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அழைப்பு வரும். யுனெஸ்கோவுக்கான தேசிய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ஒரு சுற்றில் ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் இரண்டு ஊர்கள்தான் போட்டியிட முடியும் என்பதால் போட்டி கடுமைதான். கோழிக்கோடு அதைத் தாண்டித்தான் வந்தது. அருணகிரிநாதரிலிருந்து இன்றைய எழுத்தாளர்கள், கலை இலக்கிய இரவுகள் வரை தொடர்ச்சி உள்ள ஊர், இலக்கியத்துக்கோ நாட்டார் கலைக்கோ விண்ணப்பிக்க வெட்கப்படத் தேவையில்லை.

இதிலும் ஒரு நிபந்தனை. யுனெஸ்கோ பணத்தைக் கொட்டாது. எந்தப் பட்டத்திலும் அப்படித்தான். 'யுனெஸ்கோ வந்தா கோடி கோடியா நிதி வரும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். செலவு நம் அரசுகளுடையது. பட்டம் செய்வது ஒன்றுதான்: செய்கிறோம் என்று சொன்னதை உலகத்தின் முன்னால் எழுதிக் கொடுக்க வைக்கும்.

அடுத்த முறை அறிவிப்பு வந்தால்...

திருவண்ணாமலையை உலக அரங்குக்குக் கொண்டுபோவோம் என்று யாராவது மேடையில் சொன்னால், கை தட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: எந்தப் பட்டம்? உலகப் பாரம்பரியமா, படைப்பாக்க நகரமா, ஒரு வருஷ விழாவா? அதற்கு யார் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு: மாட வீதிக் கடைக்காரரிடமும், மலைச் சரிவில் குடியிருப்பவரிடமும், புரிசைக் கூத்துக் கலைஞரிடமும் பேசினீர்களா? கோப்பில் அவர்களுக்கு எந்தப் பக்கம்?

மூன்று: பட்டம் கிடைக்காமல் போனாலும் இந்த வேலைகள் நடக்குமா? மலைச் சரிவைப் பாதுகாப்பது, தீர்த்தக் குளங்களைச் சுத்தமாக வைத்திருப்பது, கழிப்பறை கட்டுவது, கூத்துப் பள்ளிக்கு நிதி தருவது எல்லாம் யுனெஸ்கோ சொன்னால்தான் செய்ய வேண்டியவை அல்ல.

மூன்றாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், தாராளமாக விண்ணப்பிக்கலாம். தோற்றாலும் ஊருக்கு நஷ்டமில்லை.